பனிக்கடல் நடுவே திறந்த நீர்



1984ஆம் ஆண்டில், ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்ற புதிதில், வகுப்பில் ஒரு நாள் தென்துருவக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்டார்க்டிகாவில் நம் நாடு தக்ஷிண கங்கோத்ரி என்னும் ஆய்வு நிலையத்தை நிறுவியிருந்த சமயம் அது. பிள்ளைகளுக்குப் பனிக்கண்டத்தின்மீது பெரிய மோகம்.

காப்டன் ஸ்காட்டின் பெரிய குழுவினின்றும் பிரிந்த அறுவர், விக்டர் காம்பெல் என்பாரின் தலைமையில், 1912 ஜனவரியில் டெர்ரா நோவா விரிகுடாவின் கரையில் இறங்கினர். சில வாரங்களில் கப்பல் வந்து அழைத்துச் செல்வதாக ஏற்பாடு. வெளிக்கடலில் அடர்ந்திருந்த பனிப்பாளங்களோ கப்பலை நெருங்கவிடவில்லை. அறுவரும் பனியில் ஒரு குகையைக் குடைந்து, சீல் இறைச்சியும் பெங்குவின் இறைச்சியும் உண்டு, கொழுப்பு விளக்கின் புகையிலே குளிர்காலத்தைக் கழித்தனர். செப்டம்பர் 30ஆம் நாள் புறப்பட்டு, நவம்பர் 7ஆம் நாள் தலைமைத் தளத்தை அடைந்தனர். ஆறு பேரும் உயிருடன் மீண்டனர்.

அவர்களுடைய குறிப்புகளில் ஒரு விந்தை காணப்படுகிறது. எல்லாம் உறைந்து கிடக்கவேண்டிய கடுங்குளிரில், அவர்களுடைய குகைக்கு அப்பாலிருந்த விரிகுடாவின் நீர் அடிக்கடி திறந்தே கிடந்தது. மலைமேலிருந்து இறங்கி ஓயாது வீசிய காற்று, உறைய உறையப் பனியைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டே இருந்தது. தெற்கேயிருந்து வேறு பனி வந்து நிரப்பிவிடாதபடி, கடலுக்குள் நீண்டு நிற்கும் டிரைகால்ஸ்கி என்னும் பனிநாக்கு தடுத்தது. இவ்வாறு பனிக்கு நடுவே திறந்து கிடக்கும் நீருக்குப் பொலின்யா என்று பெயர். ருஷ்ய மொழிச் சொல்.

இதைச் சொல்லி முடித்ததும் ஒரு மாணவர் எழுந்தார். "ஐயா, காற்று இரு மடங்கு வேகமாக வீசினால் திறந்த நீரும் இரு மடங்கு அகலுமா?" என்று கேட்டார். "அகலும்" என்று சற்றும் தயங்காமல் விடையளித்தேன். அவரும் எழுதிக்கொண்டார். அவ்விடை தவறு. தவறென்று நான் அறிந்தது பல ஆண்டுகள் கழித்துத்தான்.

1987இல் காரல் பீஸ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இத்தகைய கரையோரப் பொலின்யாவுக்கு ஓர் எளிய கணித மாதிரியை வெளியிட்டார். அதன் உட்கருத்தைப் பள்ளிக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். கரையினின்று கடலை நோக்கி வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் காற்று வீசுவதாகக் கொள்வோம். மிதக்கும் பனி அவ்வேகத்தில் சுமார் 100க்கு 3 பங்கு வேகத்தில் நகரும். அதாவது ஒரு நாளில் ஏறத்தாழ 26 கிலோமீட்டர். திறந்த நீரில் ஒரு நாளைக்கு 20 சென்டிமீட்டர் பனி உண்டாகிறது என்றும், அது திரண்டு 10 சென்டிமீட்டர் கனமானதும் மூடிய பனிப்பரப்பாகிவிடுகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கனம் சேர அரை நாள் ஆகும். அந்த அரை நாளில் பனி 13 கிலோமீட்டர் சென்றிருக்கும். பொலின்யாவின் அகலம் அதுவே.

இனி, காற்று இரு மடங்காகட்டும். பனி ஒரு நாளில் 52 கிலோமீட்டர் ஓடும். ஆயினும் காற்று பனியைத் தள்ளுவதோடு நிற்பதில்லை. நீரின் வெப்பத்தையும் ஏறத்தாழ இரு மடங்கு விரைவாகப் பறித்துச் செல்கிறது. ஆகவே கால் நாளிலேயே 10 சென்டிமீட்டர் சேர்ந்துவிடும். 52இல் கால் பங்கு 13. அகலம் மாறவில்லை! உண்மைக் கடலில் கதிர்வீச்சால் இழக்கப்படும் வெப்பம் காற்றைப் பொறுத்ததன்று என்பதால் அகலம் சிறிது கூடும். இரு மடங்கு ஆகாது. அகலத்தைப் பெரிதும் ஆள்வது காற்றின் வேகமன்று, குளிரின் கடுமையே. குளிர் தணிந்தால் பனி மெதுவாக உறையும். நீர் அகலமாகத் திறக்கும்.

அகலம் அப்படியே இருந்தாலும் பனியின் விளைச்சல் இரட்டிப்பாகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். கடல்நீர் உறையும்போது தன் உப்பில் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடுகிறது. அந்த உப்பால் கனத்த குளிர்நீர் கீழிறங்குகிறது. டெர்ரா நோவா விரிகுடாவில் இவ்வாறு இறங்கும் நீர், உலகக் கடல்களின் அடித்தளத்தில் பரவும் அண்டார்க்டிக அடிநீருக்கு ஊட்டமளிக்கிறது. ஆறு மனிதரைப் புகைக்குகையில் அடைத்துவைத்த காற்றின் வேலை இவ்வளவு தூரம் செல்கிறது.

ஆனால் எல்லாப் பொலின்யாவும் இக்கணக்கிற்கு அடங்குவதில்லை. 1974, 1975, 1976 ஆகிய மூன்று ஆண்டுகளின் குளிர்காலத்தில், வெடல் கடலில், கரையிலிருந்து வெகு தொலைவில், ஏறத்தாழ இரண்டரை லட்சம் சதுர கிலோமீட்டர் நீர் திறந்து கிடந்தது. இருளையும் மேகத்தையும் ஊடுருவி நுண்ணலைகளால் காணும் நிம்பஸ்-5 செயற்கைக்கோள் அதனைக் கண்டது. அங்கே பனியைத் தள்ளிப் பிரிப்பதற்குக் கரையே இல்லையே!

மார்ட்டின்சன், கில்வொர்த், கார்டன் என்னும் மூவர் 1981இல் கடலை இரண்டே அடுக்குகளாகக் கொண்டு ஒரு மாதிரி அமைத்தனர். மேலே உப்புக் குறைந்த குளிர்நீர். கீழே உப்பு மிகுந்த, சற்று வெதுவெதுப்பான நீர். பனி உறைந்து உப்பு வெளிப்பட வெளிப்பட மேல்நீர் கனக்கிறது. ஒரு கட்டத்தில் அது கவிழ்ந்து கீழே போக, வெப்பநீர் மேலே வந்து பனியை உருக்குகிறது. உருகிய நன்னீர் மிகுந்துவிட்டால் மேல்நீர் மீண்டும் இலேசாகி, கவிழ்தல் நின்றுவிடும். உப்பும் நன்னீரும் நடத்தும் இந்தத் தராசுப் போட்டியே அம்மாதிரியின் உயிர்.

2017 செப்டம்பரில், அதே கடலில், மாட் மேடு எனப்படும் கடலடி மலைக்கு மேலே மீண்டும் ஒரு பொலின்யா திறந்தது, முன்னதைவிடச் சிறியது. மலையைச் சுற்றியோடும் நீரோட்டமும், கடும்புயல்களும், மேல்நீரில் கூடியிருந்த உப்பும் சேர்ந்தே அதனைத் திறந்தன என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். கணிப்பொறியில் இயங்கும் உலகப் பருவநிலை மாதிரிகளுள் பல, வெடல் கடலில் இத்தகைய கவிழ்தலை இயற்கையில் நிகழ்வதைக் காட்டிலும் மிக அடிக்கடி நிகழ்த்திக் காட்டியிருக்கின்றன. தராசில் உப்பு ஓர் இம்மி பிசகினாலும் கடல் கவிழ்ந்துவிடுகிறது. கணக்குப் போடுவோருக்கு அதுவே பெரிய சங்கடம்.

1984இல் என்னிடம் வினவிய அந்த மாணவர் இப்பேச்சைக் கேட்கக்கூடும். தம் பழைய குறிப்பேட்டில் 26 என்று எழுதியிருந்தால், அதனை அடித்து 13 என்று திருத்திக்கொள்ளுமாறு அவரை வேண்டிக்கொள்கிறேன்.