ஓஷ் நகரின் மலையடியில்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம். நஹ்மதுஹூ வநுஸல்லீ அலா ரசூலிஹில் கரீம். அம்மா பஃது.



வரவு செலவு அறிக்கை வாசித்து முடிந்தபின் எழுந்து பேசுகிறவர் சுருக்கமாகப் பேசுவதே நலம். ஆயினும், சென்ற 2025 ஏப்ரலில் ஆலிம்கள் நால்வராக நாங்கள் மேற்கொண்ட பயணத்தைப் பற்றிச் சொல்லுமாறு நிர்வாகிகள் பணித்திருக்கிறார்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் அடக்கத்தலத்தைச் சமர்கந்து அருகே ஸியாரத் செய்ததைப் பலரிடம் முன்பே கூறிவிட்டோம். எனவே அதை விடுத்து, கிர்கிஸ்தான் நாட்டின் ஓஷ் நகரில் தங்கிய மூன்று நாட்களை மட்டும் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

ஓஷ் என்ற பெயர் மதரஸாவில் ஓதியவர்களுக்குப் புதிதன்று. அகீதா பாடத்தில் நாங்கள் மனனம் செய்த 'பத்உல் அமாலீ' என்னும் கவிதை நூலை இயற்றியவர் ஸிராஜுத்தீன் அலீ பின் உஸ்மான் அல்ஊஷீ (ரஹ்). ஹிஜ்ரி 569ஆம் ஆண்டு இயற்றப்பட்டது அந்நூல். அறுபதுக்குச் சற்று மேற்பட்ட வரிகளில் ஈமானின் அடிப்படைகள் அனைத்தையும் அடக்கிய நூல். அந்த 'ஊஷீ' என்ற சொல் ஓர் ஊரைக் குறிக்கிறது என்று உஸ்தாத் சொல்லித் தந்தார்கள். அவ்வூர் இன்னும் இருக்கிறதா என்று கேட்கும் எண்ணம் அந்த வயதில் எங்களில் எவருக்கும் எழவில்லை.

இன்றோ அது நம் மக்கள் அடிக்கடி உச்சரிக்கும் பெயராகிவிட்டது. ஓஷ் அரசுப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலும் இந்திய மாணவர்கள் ஏராளம். நமது மஹல்லாப் பிள்ளை ஒருவரும் அங்கே பயில்கிறார். "ஹஜ்ரத், இவ்வளவு தூரம் வந்துவிட்டு எங்கள் ஊரைப் பார்க்காமல் போகலாமா?" என்று அவர் தொலைபேசியில் அழைத்ததே நாங்கள் அங்கு சென்றதன் காரணம். தாஷ்கந்திலிருந்து இரயிலில் அந்திஜான் வந்து, எல்லைச் சாவடியை நடந்தே கடந்தால் சிறிது தூரத்தில் ஓஷ் வந்துவிடுகிறது.

பெர்கானாப் பள்ளத்தாக்கின் கிழக்கு ஓரத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் அந்நகரம் அமைந்திருக்கிறது. தெற்கே அலாய் மலைத்தொடர் முழுவதும் வெண்பனி போர்த்திக் கிடக்கிறது. கீழே நகருக்குள் வாதுமைப் பழ மரங்கள், அதாவது நம்மவர் பாதாமி என்றும் ஏப்ரிகாட் என்றும் சொல்லும் மரங்கள், இலை விடுமுன்னரே பூத்து நிற்கின்றன. அக்பூரா ஆறு பனியுருகிய நீரோடு ஊரின் நடுவே இரைந்து ஓடுகிறது. அந்த ஆற்றங்கரையிலேதான் பழைய சந்தை. ரொட்டிக் கடைகளிலும் சம்சா அடுப்புகளிலும் விடிகாலையிலேயே கூட்டம். பேரரசர் பாபர் தமது வரலாற்று நூலில் இவ்வூரின் வசந்தத்தையும், வயலட் மலர்களையும், ஓடும் நீரையும் புகழ்ந்திருக்கிறார். புல்வெளியில் எவரேனும் அயர்ந்து உறங்கினால் உள்ளூர்க் குறும்பர்கள் வாய்க்கால் நீரை அவர்மேல் திருப்பிவிடுவார்களாம்; அதையும் மறவாமல் எழுதியிருக்கிறார். நாங்கள் லுஹருக்குப் பின் புல்லில் சற்றுச் சாய்ந்தோம். அல்ஹம்துலில்லாஹ், எவரும் நீரைத் திருப்பவில்லை.

ஊரின் நடுவே திடீரென எழுந்து நிற்கிறது ஐந்து சிகரங்கள் கொண்ட பாறை மலை. சுலைமான் தூ என்றும், தக்த்தே சுலைமான் என்றும் அழைக்கிறார்கள். 2009இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. மலையடியில் ஆஸிஃப் பின் பர்கியா பெயரால் ஒரு கட்டடம் உண்டு. சூரா நம்லில், பல்கீஸ் அரசியின் அரியணையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கொண்டுவந்தவர் அவரே என்று தஃப்ஸீர்களில் ஓதியிருக்கிறோம். நபி சுலைமான் (அலை) அவர்கள் இம்மலையில் தங்கியதற்கு ஆதாரம் எதையும் நாம் கண்டதில்லை. மக்கள் அவ்வாறு நம்புகிறார்கள், அவ்வளவே.

மலைமேல் பாபர் தம் இளமையில், ஹிஜ்ரி 902இல் கட்டிய சிறு வீடு இருந்த இடத்தில் தற்போது ஒரு கட்டடம் நிற்கிறது. முந்தையதைச் சோவியத் ஆட்சியினர் 1960களில் வெடிவைத்துத் தகர்த்தனர். மக்கள் அங்கு வந்து தொழுவதே குற்றமாயிற்று. பாதையோரத்தில் வழவழப்பான ஒரு பாறை. பெண்கள் குழந்தைப் பேறு வேண்டியும் நோய் தீரவும் அதில் சறுக்குகிறார்கள். எங்களுள் ஒருவர் கண்டிக்க வாய் திறந்தார். அருகில் நின்ற மூதாட்டி ஒருவர், எங்கள் தொப்பியையும் தாடியையும் பார்த்து, மாணவரின் மொழிபெயர்ப்பில் சொன்னார்: "பள்ளிவாசல்கள் பூட்டிக் கிடந்த காலத்தில் என் தாய் என்னை இங்கேதான் கூட்டி வந்தாள். அல்லாஹ்வின் பெயரை நான் உரக்கக் கேட்டது இந்தப் பாறையில்தான்." பாறையில் சறுக்குவது மார்க்கம் அல்ல. அதை இன்றும் சொல்கிறோம். ஆனால் அன்று அந்தத் தாயிடம் அதைச் சொல்லும் தகுதி எங்களுக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. ஸலாம் கூறி இறங்கினோம்.

இந்நகரம் இந்தியாவுக்கு வழங்கிய மாபெரும் கொடை ஒன்றுண்டு. டில்லி மெஹ்ரோலியில் அடங்கியிருக்கும் குத்புத்தீன் பக்தியார் காகீ (ரஹ்) அவர்கள் ஓஷில் பிறந்தவர்கள். அஜ்மீர் காஜா முயீனுத்தீன் (ரஹ்) அவர்களின் கலீஃபாவாகிப் பாபா ஃபரீத் (ரஹ்) அவர்களுக்கு வழிகாட்டியவர்கள், 1235இல் வஃபாத்தானார்கள். சிறு வயதிலேயே தந்தையை இழந்த அவர்களைத் தாயாரே ஓத வைத்தார்கள் என்று வரலாற்றில் வருகிறது. ஓஷின் தாய்மார்களைப் பற்றி நாங்கள் அறிந்திருந்தது அந்த ஒரு செய்தியே. இன்னொன்றை இரண்டாம் நாள் மாலையில் அறிந்தோம்.

மாணவர் வாடகைக்குக் குடியிருக்கும் சந்தில் எண்பது வயதைக் கடந்த ஒரு பெரியவர் இருக்கிறார். இந்தியாவிலிருந்து மௌலவிகள் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு வீட்டுக்கு அழைத்தார். முற்றத்தில் பூத்த மரம், அதன்கீழ் கட்டில் போன்ற மேடை, பச்சைத் தேநீர், வட்ட ரொட்டி. அரபியை அவர் மெதுவாக, ஆனால் பிழையின்றிப் பேசினார்.

அவருடைய பாட்டி ஓர் 'ஓதின்'. அப்பகுதியில் பெண்களுக்கு ஓதிக் கொடுக்கும் பெண் ஆலிமாவை அவ்வாறு அழைப்பார்கள். 1950களில், குளிர்கால இரவுகளில், சன்னலில் கம்பளம் தொங்கவிட்டு நான்கைந்து பிள்ளைகளுக்கு அவர் ஓதிக் கொடுப்பாராம். நடுவில் எப்போதும் ரொட்டியும் தேநீர்க் கிண்ணங்களும் பரப்பி வைத்திருப்பார்கள். கதவு தட்டப்பட்டால் அது பாடமன்று, விருந்து. கையில் நூல் கிடையாது, ஏட்டில் எழுதவும் கூடாது. 1920களின் இறுதியில் அரபு எழுத்தை நீக்கி இலத்தீனும், 1940ஐ ஒட்டி அதையும் நீக்கி ரஷ்ய எழுத்தும் திணிக்கப்பட்டதால், அரபு எழுத்துள்ள ஒரு தாளே ஆபத்தாக இருந்த காலம் அது. அவருடைய பாட்டனார் கிதாபுகளை மண்சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டு, எந்தச் சுவர் என்று சொல்லாமலே மவுத்தாகிவிட்டார். பின்னாளில் தொழுவத்தின் சுவரை இடித்தபோது ஈரத்தில் பாதி அழிந்த கட்டொன்று வெளிவந்தது. எழுந்து சென்று எடுத்து வந்தார். துணியைப் பிரித்தால் உள்ளே 'பத்உல் அமாலீ'.

அவர் முதல் வரியை ஓதினார். எங்களில் மூத்தவர் இரண்டாம் வரியை ஓதினார். மூன்றாவது அவர், நான்காவது நாங்கள். ஏறத்தாழ இருபது வரிகளுக்குப் பின் எங்களுக்குத் தடுமாறிற்று. அவருக்குத் தடுமாறவில்லை. ஏடின்றிக் கற்றவர் அவர். அச்சு நூலில் கற்றவர்கள் நாங்கள்.

"ஹிந்துஸ்தானியைத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியவில்லை. வெட்கத்தோடு கேட்டறிந்தோம். மௌலவி முஹம்மத்ஜான் ஹிந்துஸ்தானி (ரஹ்) அவர்கள் 1892இல் பெர்கானாப் பகுதியில் பிறந்து, நம் அஜ்மீரில் பல ஆண்டுகள் ஓதித் தாயகம் திரும்பியவர்கள். சிறைகளைக் கண்டவர்கள். பின்னர் தாஜிகிஸ்தானின் துஷன்பே நகரில் பல்லாண்டுகள் இரகசியமாகப் பாடம் நடத்தி 1989இல் வஃபாத்தானார்கள். அந்நாட்களில் அப்பகுதி எங்கும் மறைவாக ஓதிக்கொடுத்த உஸ்தாதுகளில் முதன்மையானவர்களுள் ஒருவர். ஓஷிலிருந்து டில்லிக்கு வந்த இல்மு, எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் அஜ்மீரிலிருந்து அங்கே திரும்பியிருக்கிறது. அச்செய்தியை இந்திய ஆலிம்களாகிய நாங்கள் அந்நிய மண்ணில் கேட்டு அறிந்தோம்.

அந்தச் சந்தில் வரிசையாகச் சில வீடுகள் மட்டும் புதுச் செங்கல்லால் நின்றன. கேட்டோம். 2010 ஜூனில் கிர்கிஸ் மக்களுக்கும் உஸ்பெக் மக்களுக்கும் இடையே நடந்த கலவரத்தில் எரிந்த வீடுகள். நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரு சாராரும் ஹனஃபீ மத்ஹபினர், ஒரே ஸஃப்பில் நின்று தொழுதவர்கள். பெரியவர் அதைப்பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "கம்யூனிஸ்ட் வந்தபோது கதவை மூடினோம், அண்டை வீட்டுக்காரன் வந்தபோது மூடக் கதவு இல்லை." பிறகு தேநீரை ஊற்றினார். நாங்களும் மேற்கொண்டு கேட்கவில்லை.

விடைபெறும்போது அவர் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "உங்கள் ஊரில் தடுப்பார் இல்லை. மாலையில் எத்தனை பிள்ளைகள் ஓத வருகிறார்கள்?"

சகோதரர்களே, நமது மக்தப் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையைச் சொன்னோம். அவர் மாஷா அல்லாஹ் என்று கூறி, கையேந்தி நமது பிள்ளைகளுக்காக துஆ செய்தார். பதிவேட்டில் பெயர் இருப்போரில் பாதிப்பேர் கூட ஒழுங்காக வருவதில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. டியூஷனுக்காகப் பெரும்பாலோர் நின்றுவிட்டதையும் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை என்று திரும்பும் வழியெல்லாம் நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். மனம் ஏற்கவில்லை.

மக்தப் நேரத்தை முக்கால் மணியாகக் குறைக்கலாமா என்று இன்றைய கூட்டத்தின் தீர்மானங்களில் ஒன்று வருகிறது. அதில் முடிவெடுக்குமுன் ஓர் அவகாசம் கேட்கிறோம். ஊர் திரும்பியதும் பதிவேட்டை எடுத்து, வராத பிள்ளைகளின் பெயர்களைத் தனியே எழுதிச் செயலாளர் அவர்களிடம் கொடுத்துள்ளோம். வரும் ஞாயிறு இஷாவுக்குப் பின் தொடங்கி, தெருவுக்கு ஒரு நாளாக, அந்த வீடுகளுக்கு உஸ்தாதுகளுடன் வருகிறோம். கதவு தட்டினால் திறவுங்கள். தேநீர் வேண்டாம். பிள்ளைக்கு எந்த நேரம் தோதுப்படும் என்று சொன்னால் போதும், அது ஃபஜ்ருக்குப் பின்னாக இருந்தாலும் நாங்கள் இருப்போம்.

வஸ்ஸலாம்.