விதி வேறு, கதி வேறு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்தக் குன்னூர்க் குளிரிலும் சால்வையைப் போர்த்திக்கொண்டு தமிழ் கேட்க வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

'வாழ்க்கையைத் தீர்மானிப்பது விதியா, மதியா?' என்பது தலைப்பு. எதிரணி அம்மா அடித்துச் சொன்னார்கள்: "எல்லாம் தலையெழுத்து. நாம என்ன செஞ்சாலும் நடக்கிறதுதான் நடக்கும்." சொன்னவங்க, மேடைக்கு வரும்போது ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு வந்திருக்காங்க! (சிரிப்பு) அம்மா, குளிர் விதி. ஸ்வெட்டர் மதி. (கைதட்டல்)

திருக்குறளில் 'ஊழ்' அதிகாரத்தைக் காட்டினார்கள். அது 38-ஆவது அதிகாரம். அங்கேயே புத்தகத்தை மூடிட்டா எப்படி? 62-க்கு வாங்க. 'ஆள்வினையுடைமை'. சோராமல் உழைக்கிறவன் அந்த ஊழையே தோற்று ஓட வைப்பான் என்று சொன்னவரும் அதே வள்ளுவர்தான்.

ஆனால் ஒன்று. விதியே கிடையாது என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் என்னைப் பெற்றவர்களுக்குத் துரோகம் செய்தவன் ஆவேன்.

நான் பிறந்தது 1969-இல், இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். பஞ்சம் பிழைக்கப் போன பரம்பரை. 1948-இல் அங்கே ஒரு குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழர்கள் லட்சக்கணக்கில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில் டெல்லியில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். 1974-இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். வீட்டில் முறுக்கைப் பங்கு போடும்போதுகூட, 'உனக்கு எது வேணும் கண்ணு?' என்று குழந்தையைக் கேட்கிறோம். இந்தச் சனங்களை யாரும் கேட்கவில்லை.

இது விதி. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அதற்குப் பிறகு ஒரு விண்ணப்பத் தாள் வந்தது. இந்தியக் குடியுரிமை கேட்பதா, இலங்கைக் குடியுரிமை கேட்பதா? விதி அந்தத் தாளைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றுகொண்டது. கைநாட்டு வைக்க வேண்டியது எங்கப்பா.

அப்பா இந்தியா என்றார். கூடப் பிறந்த அத்தை, "நான் பொறந்த மண்ண விட்டு வரமாட்டேண்ணே" என்று சொல்லிவிட்டார். 1975-இல் புறப்பட்டோம். அந்த ரயிலுக்கு மலையகத்தில் 'அழுகைக் கோச்சி' என்றே பேர். வண்டி நகர்ந்தபோது அப்பாவும் அத்தையும் ஜன்னல் வழியாகப் பிடித்த கையை விடவில்லை. பிளாட்பாரம் முடிந்த இடத்தில்தான் விட்டார்கள். எனக்கு ஆறு வயசு. இன்னும் கண்ணிலே நிற்கிறது.

தலைமன்னார், கப்பல், இராமேசுவரம், மண்டபம் முகாம். முகாமில் மறுபடியும் ஒரு முடிவு. கடன் வாங்கித் தொழில் வைப்பதா, தோட்ட வேலைக்குப் போவதா? தாயகம் திரும்பியவர்களுக்காக அரசாங்கம் 1968-இல் இந்த நீலகிரியில் தேயிலைத் திட்டம் ஆரம்பித்திருந்தது. பின்னாளில் 'டான்டீ' ஆனது அதுதான். அப்பாவுக்குத் தெரிந்தது தேயிலை. கோத்தகிரிப் பக்கம் வந்து சேர்ந்தோம்.

1983. நான் ஒன்பதாம் வகுப்பு. மழையில் சறுக்கி விழுந்து அப்பா காலை முறித்துக்கொண்டார். "பையனைக் கவ்வாத்து வேலைக்கு அனுப்பு. லயத்துப் புள்ளைக்குத் தலையில வேற என்ன எழுதியிருக்கு?" என்றார்கள் அக்கம்பக்கத்தில். எங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"தலையில என்னமோ எழுதியிருக்காம்டா. எனக்குப் படிக்கத் தெரியாது. நீ போயிப் படிச்சுட்டு வந்து, என்ன எழுதியிருக்குன்னு எனக்கு வாசிச்சுக் காட்டு." (நீண்ட கைதட்டல்)

வாரமெல்லாம் கொழுந்து பறித்தார். ஞாயிற்றுக்கிழமை கேரட் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனார். கழுத்துச் சங்கிலி போனது. அந்த வருஷம் நான் தேறாமல் போயிருந்தால் ஊர் என்ன சொல்லியிருக்கும்? 'பைத்தியக்காரி, சங்கிலியை வித்துட்டா' என்றிருக்கும். முடிவு எடுப்பது என்றால் அதுதாங்க. பலன் தெரிந்த பிறகு எடுத்தால் அது முடிவு இல்லை, கணக்கு.

பல வருஷம் கழித்து அப்பாவை ஹட்டனுக்கு அழைத்துப் போனேன். அண்ணனும் தங்கச்சியும் ராத்திரி முழுக்கப் பேசினார்கள். அத்தை 1977, 1983 கலவரங்களைத் தாண்டியவர். நாடற்றவராகவே இருந்து, 2003-இல் வந்த சட்டத்தால்தான் குடியுரிமை பெற்றார். அவர் மகள் இன்று பள்ளிக்கூட ஆசிரியை. எங்களை அங்கே 'கள்ளத்தோணி' என்றார்கள். இங்கே வந்தால் 'சிலோன்காரன்' என்றார்கள். "நான் வந்தது சரியா, நீ இருந்தது சரியா?" என்று அப்பா கேட்டார். அத்தை சிரித்துக்கொண்டே, "ரெண்டு பேரும் புள்ளைகளைப் படிக்க வச்சோமேண்ணே, அது சரி" என்றார்.

இந்த மலையில் இருக்கிற உங்களுக்குக் கவ்வாத்து தெரியும். சில வருஷத்துக்கு ஒரு தடவை தேயிலைச் செடியை மொட்டையாக வெட்டுவார்கள். பார்த்தால் செத்த செடி மாதிரி இருக்கும். ஆனால் வெட்டுவதற்கு முன்னால் வேரை நறுக்கி, அயோடின் தொட்டுப் பார்ப்பார்கள். கறுநீலமானால் வேரில் மாவுச்சத்து இருக்கிறது, வெட்டினாலும் துளிர்க்கும். நிறம் மாறாவிட்டால் கத்தி வைக்கக் கூடாது, செடி பட்டுப்போகும்.

விதி அந்தக் கத்தி. ஆனால் அது வேரைச் சோதித்துப் பார்த்து வெட்டாது. சொல்லாமல் வரும், கேட்காமல் வெட்டும். வேரில் மாவு சேர்த்து வைப்பது நம் வேலை. அது மதி. வெட்டுப்பட்ட பிறகு எந்தப் பக்கம் துளிர்த்தோம், எங்கே போய்ச் சேர்ந்தோம் என்பதுதான் கதி. விதி வேறு, கதி வேறு. நடுவில் நிற்கிறது எங்கம்மாவின் மதி!

நடுவர் அவர்களே, என் கட்சியைச் சொல்லிவிட்டேன். தீர்ப்பு உங்கள் கையில். அது என் விதி! (சிரிப்பு)