வலி தணிய வேண்டும், குடலும் அசைய வேண்டும்

(எடப்புளி நாட்டில் நடந்த நண்பர்கள் கூடுகையில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, குடல் அறுவைக்காக இறங்கி வருகிறவர்கள் எங்களிடம் இரண்டு கேள்விகள் கேட்பதுண்டு. "பிழைப்பேனா?" என்பது ஒன்று. "வலி தாங்குவேனா?" என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வியைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

கடும் வலிக்கு மார்பின் நல்ல மருந்துதான். ஆனால் அது குடலின் அசைவையும் மந்தமாக்கிவிடும். வெட்டித் தைத்த குடல் அசைந்து, காற்றுப் பிரிந்தால்தானே வயிறு உப்பாமல் கஞ்சி இறங்கும்? மேலும், 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டக் கட்டுப்பாடுகளால் சிறிய ஆஸ்பத்திரிகளுக்கு மார்பின் கிடைப்பதே அரிதாயிற்று. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு, வழி சற்று எளிதாயிற்று.

ஆகவே வலியைப் பல வழிகளில் தடுக்கிறோம். வயிற்றுச் சுவரின் நரம்புகள் மரத்துப்போக புபிவக்கெய்ன் ஊசி போடுகிறோம். வலி வரட்டும் என்று காத்திராமல், மணி பார்த்துப் பாராசிட்டமால் கொடுக்கிறோம். சிறுநீரகம், இரைப்பை, குடல் தையல் ஆகியவற்றின் நிலையைப் பார்த்தே மற்ற வலி மருந்துகளைச் சேர்க்கிறோம். இருமும்போது தலையணையைக் காயத்தின்மேல் அணைத்துக்கொள்ளச் சொல்லுகிறோம். மறுநாளே கைபிடித்து நடக்க வைக்கிறோம். 1990-களில் டென்மார்க்கு நாட்டு அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலெட் இப்படிப்பட்ட முறைகளை ஒன்றாகச் சேர்த்து, குடல் அறுவை செய்துகொண்டவர்கள் விரைவில் வீடு திரும்பலாம் என்று காட்டினார்.

இத்தனையும் போதாவிட்டால், அளவோடு மார்பின் கொடுக்கத் தயங்குவதில்லை. பல்லைக் கடித்துப் பொறுப்பது சிகிச்சை ஆகாது. வலியால் மூச்சை ஆழ இழுக்காதவருக்கு நெஞ்சில் சளி கட்டிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1914-இல் இதே மலையில் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். வலி உணராத கைகால்களே காயப்பட்டு அழிகின்றன என்பதை வேலூரில் தொழுநோயாளிகளிடம் கண்டறிந்து, வலி நம்மைக் காக்கிறது என்று உலகுக்கு எடுத்துச் சொன்னவர் அவர். அறுவைக்குப் பின் வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்த வலி நான்கைந்து நாள் கழித்துத் திரும்பக் கூடி, காய்ச்சலோ, வயிற்று உப்பலோ, வேகமான நாடியோ சேர்ந்தால், குடல் தையல் கசிகிறதோ என்று உடனே பார்க்க வேண்டும்.

ஆகையால் நோயாளியின் அருகில் இருக்கும்போது, "ஒன்றுமில்லை, பொறுத்துக்கொள்" என்று சொல்லிவிடாதீர்கள். சிஸ்டரைக் கூப்பிடுங்கள். இரவு எத்தனை மணியானாலும் கூப்பிடுங்கள்.