திரையில் ஓடும் வரிகளை வடிகட்டல்



ஈப்போவில் ஓர் அலுவலகத்திலோ பள்ளியிலோ பல கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டிக்கு ஸ்விட்ச் என்று பெயர். எழுத்துக் கட்டளைகளால் அதனோடு பேசலாம். கறுப்புத் திரையைக் கண்டு நம் தோட்டத்துப் பிள்ளைகள் மிரள வேண்டியதில்லை. 'ஷோ' என்று தொடங்கும் கட்டளைகள் நிலையைக் காட்டுமே தவிர, அமைப்பை மாற்றமாட்டா.

சிஸ்கோ நிறுவனத்தின் ஸ்விட்ச் ஒன்றில் 48 துளைகள் இருப்பதாகக் கொள்வோம். 'ஷோ இன்டர்ஃபேசஸ் ஸ்டேட்டஸ்' என்றால், துளைக்கு ஒரு வரியாகத் திரை நிறைந்துவிடும். இதை வடிகட்ட, கட்டளைக்குப் பின் ஒரு செங்குத்துக் கோடு இடுகிறோம். ஒன்றன் விடையை மற்றொன்றுக்குள் செலுத்தும் இம்முறை, பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய் வற்புறுத்தியதால் 1973இல் யுனிக்ஸில் இடம்பெற்றது.

கோட்டுக்குப் பின் 'இன்குளூட்' என்றால், கேட்ட சொல் உள்ள வரிகள் மட்டும் வரும். கிந்தா ஆறுகளில் பெண்கள் டூலாங் தட்டைச் சுழற்றி, மணலைக் கழுவிவிட்டு ஈயத்தை நிறுத்திக்கொண்டது போல. 'எக்ஸ்குளூட்' என்றால், அச்சொல் உள்ள வரிகள் நீங்கி மற்றவை நிற்கும். ரப்பர்ப் பாலைச் சல்லடையில் வடித்துக் குப்பையை நீக்குவது போல.

பழுது தேடும்போது எது நல்லது? இணைப்பு உள்ள துளைக்கு 'கனெக்டட்' என்றும், இல்லாததற்கு 'நாட்கனெக்ட்' என்றும் வரும். 'கனெக்ட்' என்று மட்டும் இன்குளூட் செய்தால் இரண்டும் கலந்து வரும். ஆனால், கோளாற்றினால் ஸ்விட்சே மூடிவிட்ட துளை 'எர்-டிசேபிள்ட்' என்று இருக்கும்; அது கண்ணில் படாது. நாம் தேடுவதோ அதைத்தான்!

எனவே 'கனெக்டட்' என்பதை எக்ஸ்குளூட் செய்வோம். நலமாயுள்ளவை விலகும், தலைப்பு வரியோடு ஐயத்துக்குரியவை எல்லாம் நிற்கும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டையும் ஸ்விட்ச் பார்க்கும் என்பதை மறவாதிருப்போம்.

நாம் எதிர்பார்ப்பதை மட்டும் பொறுக்கினால், எதிர்பாராத பழுது தப்பிவிடும். திரையில் வராதது இல்லாதது ஆகாது. ஆகவே, முதலில் முழுவதையும் ஒருமுறை பார்ப்போம், பிறகு வடிகட்டுவோம்.