எட்டாம் மாதமே பை தயாராகட்டும்!
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நாம கடன், சேமிப்பு பற்றிப் பேசப் போவதில்லை. ஒரு பையைப் பற்றிப் பேசப் போகிறோம். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிற கட்டைப்பைதான் அது. "இதுல பேச என்ன இருக்கு, வலி வந்தா நாலு துணியை எடுத்துப் போட்டுக்கிட்டுப் போக வேண்டியதுதானே"ன்னு சிலர் நினைக்கலாம். வலி ராத்திரி இரண்டு மணிக்கு வந்தால், 108 வண்டி வாசலில் நிற்கும்போது பீரோ சாவியைத் தேடுவோமா, தாய்சேய் அட்டையைத் தேடுவோமா? அந்த அரை மணி நேரம் தாய்க்கும் பிள்ளைக்கும் சொந்தமான நேரம். அதை நாம வீணாக்கலாமா?

நம் தமிழ்நாட்டில் வீட்டுப் பிரசவம் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. 2019-21இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில்தான் நடந்திருக்கிறது. அதே கணக்கு இன்னொன்றும் சொல்கிறது. 100 பிரசவத்தில் ஏறக்குறைய 45 சிசேரியன். அதனால் "சுகப்பிரசவம்தான், ரெண்டு நாள்ல வந்துடுவோம்"னு நினைத்துப் பை கட்டக் கூடாது. ஒரு வாரம் தங்க வேண்டி வந்தாலும் தாங்குகிற மாதிரி கட்ட வேண்டும்.

முதலில் காகிதங்கள். தாய்சேய் நல அட்டை, 12 இலக்க பிக்மி எண், ஸ்கேன், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை, தாயின் பெயரில் உள்ள வங்கிப் புத்தகம். எல்லாவற்றுக்கும் ஒரு ஜெராக்ஸ். பிக்மி எண் இருந்தால்தான் பிறப்புச் சான்றிதழ் சிக்கலில்லாமல் கிடைக்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியில் முதல் இரண்டு பேறுக்கு மொத்தம் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி உண்டு. இதில் 14,000 பணமாகத் தவணைகளில் வரும், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். தாயின் பெயரில் கணக்கு சரியாக இல்லையென்றால் தவணை நின்றுபோகும்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கணும். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்கு வந்துவிடுகிறாள். அட்டையும் ஸ்கேனும் மாமியார் வீட்டு அலமாரியில் கிடக்கும். வளையல் போட்டு அனுப்பும் அன்றே காகிதப் பையும் அவளோடு வரணும். வந்த மறுநாளே அந்த ஊர் செவிலியரிடம் போய், "நான் இங்கே வந்திருக்கேன்"னு சொல்லிவிடணும்.

அடுத்தது தாய்க்கு. முன்பக்கம் திறக்கிற நைட்டி மூன்று, உள்ளாடைகள், நாப்கின் இரண்டு மூன்று பாக்கெட், போர்வை, துண்டு, செருப்பு, சோப்பு, சீப்பு, பிரஷ். தட்டு, டம்ளர், வெந்நீருக்கு ஃபிளாஸ்க். பழந்துணிதான் பழக்கம் என்பவர்கள் சோப்பு போட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் காய வைத்த பருத்தித் துணியை மட்டும் எடுங்கள். வீட்டுக்குள் மறைத்துக் காயப்போட்ட ஈரத்துணி வேண்டாம்.

குழந்தைக்கு சுத்தமான மெல்லிய பருத்தித் துணி எட்டு பத்து, இரண்டு பூத்துவாலை, குல்லா, கதகதப்பான போர்வை. ஒரு துவாலை துடைக்க, இன்னொன்று சுற்ற. முதல் நாளே குளிப்பாட்ட வேண்டாம், உடம்புச் சூடு இறங்கிவிடும்.

துணைக்கு வருபவருக்கும் மாற்றுத்துணி, பாய், போன் சார்ஜர், சில்லறை. எல்லாத்தையும் விட முக்கியம், துணைக்கு யார் என்பதை முன்பே முடிவு பண்ணுவது. ரத்தம் தேவைப்பட்டால் கொடுக்க இரண்டு பேரையும் சொல்லி வையுங்கள்.

எதைக் கொண்டுபோகக் கூடாது? தங்க நகை வேண்டாம். பால் புட்டி, பால் பவுடர், தேன், சர்க்கரைத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்கணும். மஞ்சளாக இருக்கே என்று பீய்ச்சிக் கொட்டாதீர்கள். அதுதான் பிள்ளைக்கு முதல் பாதுகாப்பு.

அரசு மருத்துவமனையில் பிரசவம், அறுவை சிகிச்சை, மருந்து, ரத்தம், உணவு எல்லாம் இலவசம். 2011இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் தந்த உரிமை இது. திரும்பி வரவும் 102 வண்டி இலவசம். "ஆம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு, பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு"ன்னு யாராவது கை நீட்டினால் கொடுக்க வேண்டியதில்லை. 104க்குப் போன் செய்து புகார் சொல்லலாம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நாம அசந்துவிடுகிறோம். ஒரு மணி நேரத்துக்குள் நாப்கின் முழுதும் நனைகிற மாதிரி ரத்தம் போனால், காய்ச்சல், துர்நாற்றம், கடுமையான தலைவலி, கண் மங்கல், வலிப்பு, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், இதில் எது வந்தாலும் உடனே 108. "பச்சை உடம்பு, தண்ணி குடிக்கக் கூடாது"ன்னு பத்தியம் போடாதீர்கள். பால் கொடுக்கிறவளுக்குத் தண்ணீரும் பருப்பும் கீரையும் முட்டையும் வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் சாப்பிடணும். தொப்புளில் சாம்பலோ எண்ணெயோ வைக்க வேண்டாம். இரண்டு வாரம் தாண்டியும் தாய் காரணமில்லாமல் அழுதுகொண்டே இருந்தால், பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால், "திமிரு"ன்னு சொல்லாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அதுவும் ஒரு நோய்தான்.

சரி, குழு என்ன செய்யலாம்? மூன்று வேலை வைக்கிறோம். ஒன்று, ஏழாம் மாதத்தைத் தொட்ட உறுப்பினர், உறுப்பினரின் மகள், மருமகள் பெயரைக் கூட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எட்டாம் மாதம் முடிவதற்குள் இரண்டு பேர் வீட்டுக்குப் போய்ப் பையைப் பார்த்து வாருங்கள். இரண்டு, அவசரத்துக்கு உள்கடன் கொடுப்பதை முன்கூட்டியே தீர்மானம் போட்டு வையுங்கள். ராத்திரியில் யாரும் வட்டிக்காரர் வாசலில் நிற்கக் கூடாது. மூன்று, பிள்ளை பெற்றவளுக்கு மூன்று மாதம் கூட்டத்துக்கு வரவில்லை என்று அபராதம் போடாதீர்கள். சந்தாவைப் பக்கத்து வீட்டு உறுப்பினர் வாங்கி வரட்டும். உடம்பு தேறாமல் ஓடி வந்து கையெழுத்துப் போடுவதால் குழு தரம் உயர்ந்துவிடாது.

அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் இந்த மூன்று தீர்மானத்தையும் எழுதி, தீர்மானப் புத்தகத்தைக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.