எடைக்கும் உண்டு ஏக்கர் கணக்கு

(வானொலி உரை)



"இந்தப் போகத்தில் 30 மூட்டை கண்டேன்" என்று ஒருவர் சொன்னால், "எத்தனை ஏக்கரில்?" என்றுதானே கேட்போம்? ஒரு ஏக்கரில் என்றால் மகிழ்ச்சி. மூன்று ஏக்கரில் என்றால் கவலை. உடல் எடையும் அப்படித்தான். உயரம் தெரியாமல் 60 கிலோ கூடுதலா, குறைவா என்று சொல்ல முடியாது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கணக்குக்கு உடல் நிறை குறியீட்டெண் என்று பெயர்.

கணக்கு எளிது. மீட்டரில் உள்ள உயரத்தை அதே எண்ணால் பெருக்குங்கள். வந்த தொகையால் கிலோ எடையை வகுங்கள். ஒருவர் உயரம் 1.6 மீட்டர், எடை 64 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1.6-ஐ 1.6-ஆல் பெருக்கினால் 2.56. அதால் 64-ஐ வகுத்தால் 25.

உலக சுகாதார நிறுவனம் பொதுவாக 18.5 முதல் 24.9 வரை சரியான எடை என்கிறது. ஆனால் நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றில் கொழுப்பு சேர்ந்து, சர்க்கரை நோய் வந்துவிடுகிறது. ஆகவே நம் நாட்டு மருத்துவர்கள் 23-ஐத் தொட்டாலே அதிகம், 25 என்றால் உடற்பருமன் என்கிறார்கள்.

"நான் உழைக்கிறவன், எனக்கென்ன?" என்பீர்கள். அன்று ஏர் பிடித்தோம், கவலை இறைத்தோம். இன்று டிராக்டர் உழுகிறது. பொத்தானைத் தட்டினால் தண்ணீர் கொட்டுகிறது. வேலை குறைந்தது, சோறு குறையவில்லையே!

எண் குறைந்தாலும் ஆபத்துதான். 1.5 மீட்டர் உயரமுள்ள தாய் 40 கிலோ இருந்தால் கணக்கு 17.8. ஒல்லிதானே, நல்லதுதான் என்று விட்டுவிடாதீர்கள். 18.5-க்குக் கீழே என்றால் உடம்புக்குச் சத்து போதவில்லை என்று பொருள். அப்படிப்பட்டவர் கருவுற்றால் பிள்ளையும் எடை குறைந்து பிறக்கக்கூடும். எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சட்டியைச் சுரண்டும் வழக்கத்தை விட்டு, வீட்டுப் பெண்களும் கூடவே உட்கார்ந்து பருப்பு, கீரை, முட்டை, கடலை சாப்பிட வேண்டும்.

இந்த எண்ணுக்குச் சதை எது, கொழுப்பு எது என்று தெரியாது. மூட்டை தூக்கி உரமேறிய உடம்புக்கும் கூடுதலாகவே காட்டும். எனவே நாடாவால் இடுப்பையும் அளந்து பாருங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை வெளியே விட்டு, துணி இல்லாமல் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் இந்த அளவுகள் பொருந்தா. பிள்ளைகளுக்கு அங்கன்வாடியில் வயதுக்கேற்ற எடை அட்டவணை உண்டு.

இன்னொன்று. முயற்சி எதுவும் செய்யாமல் எடை மளமளவென்று இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். சர்க்கரை நோயோ காசநோயோ காரணமாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது, வீட்டில் உள்ளவர்களையும் கூட்டிக்கொண்டு போய், எல்லாருடைய எடையையும் உயரத்தையும் பார்த்து எழுதி வையுங்கள். விளைச்சல் கணக்கு எழுதும் நோட்டிலேயே இதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாமே.