வேலிக்கீரைக்கு வந்த மவுசு

நண்பர்கள் நாலு பேர் கூடினால், ‘எங்கே சாப்பிடலாம்?’ என்ற பேச்சு தானே வந்துவிடும். பரோட்டா அலுத்துப்போனவர்களுக்கு ஓர் இடம் சொல்கிறேன்.

நம் புவனகிரியிலிருந்து கடலூர், புதுச்சேரி தாண்டிப் போனால் ஆரோவில். அங்கே சாலிட்யூட் பண்ணை. 1996-இல் தொடங்கியவர் இங்கிலாந்திலிருந்து வந்த கிருஷ்ணா மெக்கன்சி. தமிழ் சரளமாகப் பேசுவார். ஜப்பானின் மசனோபு ஃபுகோகா காட்டிய இயற்கை வேளாண்மை வழி. ரசாயன உரமோ பூச்சிமருந்தோ கிடையாது. தோட்டத்துக்குள்ளேயே உணவகம். அந்தந்தப் பருவத்தில் மண்ணில் எது கிடைக்கிறதோ அதுதான் தட்டுக்கு வரும்: பப்பாளிக்காய், வாழைத்தண்டு, முருங்கைக்கீரை, சுண்டைக்காய். காலிஃபிளவர் வறுவலைத் தேடும் நண்பர் முகம் கொஞ்சம் வாடலாம். வாடட்டுமே!

இதெல்லாம் நம் பக்கத்துக்குப் புதுசா என்ன? புவனகிரிக்குப் பக்கத்து மருதூரில் 1823-இல் பிறந்த வள்ளலார், கரிசலாங்கண்ணியையும் தூதுவளையையும் உணவில் சேர்க்கச் சொன்னவர். 1867-இல் வடலூர் தருமச்சாலையில் அவர் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அங்கே பில்லும் கிடையாது.

ஆரோவில் வரை போக முடியாதவர்கள், சந்தையில் கீரைக்கார அம்மாவிடம் வேலியோரத் தூதுவளை இருக்கிறதா என்று கேளுங்கள். இலையில் இருக்கும் முள்ளை ஆய்ந்துவிட்டு, நெய்யில் வதக்கி, மிளகும் புளியும் வைத்துத் துவையல் அரையுங்கள். நண்பர்களை வீட்டுக்கே கூப்பிடுங்கள்.